ஊருக்குத் தண்ணி எங்கேருந்து வருது?

வெளிநாட்டு ஊர் ஒன்றில் விமானம் மாறும்போது ஒரு பகல் கையில் கிடைக்கிறது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு பட்டியல் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கும் வந்தது. நியூஜெர்சியில் நாத்தனார் வீட்டில் தங்கியிருந்த மாமனாரை அழைத்துக்கொண்டு நான் ஊர் திரும்பினேன், வழி இஸ்தான்புல். விடியற்காலையில் இறங்கி, இரவு மும்பை விமானத்தைப் பிடிக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஹகியா சோஃபியா, நீல மசூதி, டோப்காபி அரண்மனை, கிராண்ட் பஜார், கலாட்டா கோபுரம் என்று வரிசையாக வந்து விழுந்தன. ஓரகத்தி தன் பங்குக்குத் துருக்கிக் குளியலையும் சேர்த்தாள். எதை விடலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மூணு பக்கமும் கடலுங்கிறியேம்மா. அந்த ஊருக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

அவர் குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொள்ளிடத்துத் தண்ணீரை வேதாரண்யம் வரைக்கும் குழாயில் கொண்டுபோகும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்துக்கு முன்னால் மேல்நிலைத் தொட்டியைத்தான் நிமிர்ந்து பார்ப்பார். நயாகராவைப் பார்த்துவிட்டு வந்தபோதுகூட, விநாடிக்கு எத்தனை கன மீட்டர் விழுகிறது என்பதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, இதைவிட நல்ல கேள்வி இஸ்தான்புல்லைப் பற்றி யாரும் கேட்டுவிட முடியாது என்று தோன்றியது. பழைய நகரம் ஒரு முக்கோணம். தெற்கே மர்மரா கடல், வடக்கே கோல்டன் ஹார்ன் என்கிற உப்பங்கழி, கிழக்கே பாஸ்பரஸ் நீரிணை. காவலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. குடிக்கத்தான் நீர் இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான ஆறு ஊருக்குள் ஓடவில்லை. கி.பி. 330-ல் கான்ஸ்டன்டைன் இதைத் தலைநகராக்கியபின் சனம் பெருகியது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஊரை ஆண்டவர்கள் அத்தனை பேருக்கும் தண்ணீர்க் கவலை இருந்திருக்கிறது. ரோமானியர், உஸ்மானியர், இன்றைய மாநகராட்சி என்று ஆட்சி மாறியதே தவிர கவலை மாறவில்லை.

ஆக, எங்கள் பட்டியலைத் தண்ணீர் போட்டுக் கொடுத்தது. அரண்மனை, பஜார், குளியல் எல்லாம் தாமாகவே உதிர்ந்துவிட்டன. உதிர்ந்ததில் பாதி எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒரு பகலில் ஐந்து இடத்துக்கு வரிசையில் நிற்பதைவிட ஒரு கேள்வியின் பின்னால் நடப்பது மேல் என்ற எண்ணம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

நேரக் கணக்கை மாமாதான் போட்டார். இரவு விமானத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் மெட்ரோ. மெட்ரோவுக்கு முன்னால் நடை. ஒவ்வொரு தூரத்துக்கும் கூகுள் சொன்ன நேரத்தை ஒன்றரையால் பெருக்கினார். "ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி இல்லாம எதையும் டிசைன் பண்ணக்கூடாதும்மா" என்றார். மிஞ்சியது காலை எட்டிலிருந்து மதியம் மூன்று வரை. பகல் முழுக்க இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான். இந்தக் கழித்தலைச் செய்யாமல் ஊருக்குள் கிளம்புகிறவர்கள்தான் சாயங்காலம் டாக்ஸிக்குள் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறார்கள்.

பெட்டிகளை நியூயார்க்கிலேயே மும்பை வரைக்கும் போட்டுவிட்டோம். அதைக் கவுன்டரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அமெரிக்க விசா இருந்ததால் துருக்கியின் இ-விசா இணையத்திலேயே கிடைத்துவிட்டது. கையில் ஆளுக்கொரு தோள்பை. மாமாவின் பையில் மாத்திரை டப்பா, ஒரு மேல்துண்டு, காலி எவர்சில்வர் பாட்டில், பிறகு அவர் எங்கும் விடாத மூன்று மீட்டர் அளவு நாடா.

இஸ்தான்புல்லின் புதிய விமான நிலையம் 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. கருங்கடலை ஒட்டிய பக்கம். பழைய நகரத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 2023 ஜனவரியிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. அதற்கு முன்பு பேருந்தையோ டாக்ஸியையோ நம்பி, நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மெட்ரோ வந்தபின் இங்கே ஒரு பகல் கிடைத்தால் வெளியே போகலாமா என்ற கேள்விக்கே பதில் மாறிவிட்டது. குடிவரவு வரிசை நகர்ந்து முடிய ஆன நேரத்தில் விடிந்துவிட்டது. இஸ்தான்புல்கார்ட் என்கிற பயண அட்டையை இயந்திரத்தில் வாங்கிப் பணம் ஏற்றினோம். ஒரே அட்டையை இரண்டு பேருக்கும் காட்டிப் போகலாம். மெட்ரோ, டிராம், படகு, கடலடி ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும்.

கைரெத்தெபே என்ற நிலையத்தில் வண்டி மாற வேண்டும். அங்கே ஒரு நீண்ட சுரங்க நடைபாதை. வயதானவர்களோடு போகிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாறி ஏறிய வண்டி பூமிக்கடியில் ஓடிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று வெளிச்சத்துக்கு வந்து, கோல்டன் ஹார்னின் குறுக்கே ஒரு பாலத்தின் மேல் நின்றது. பாலத்தின் மேலேயே நிலையம். இரண்டு பக்கமும் காலை வெயிலில் தண்ணீர், அதற்கப்பால் குன்றின் மேல் மசூதிக் கும்மட்டங்கள். கதவு திறந்து மூடுகிற நேரம்தான். கலாட்டா கோபுரத்துக்கு டிக்கெட் வாங்கிப் பார்க்கிற காட்சியில் பாதியை ரயில் கட்டணத்துக்குள்ளேயே காட்டிவிட்டது.

அடுத்த நிலையமான வெஸ்னெஜிலரில் இறங்கி, ஷெஹ்ஸாதே மசூதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வாலன்ஸ் நீர்ப்பாலம். ஊரின் நடுவே, பெரிய சாலைக்குக் குறுக்கே, இரண்டு அடுக்கு வளைவுகளோடு நிற்கிறது. கார்களும் பேருந்துகளும் வளைவுகளுக்கு அடியில் புகுந்து போகின்றன. பேரரசர் வாலன்ஸ் காலத்தில், கி.பி. 373-ல் முடிந்த வேலை. இரண்டு குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைத் தண்ணீர் தாண்டுவதற்காகக் கட்டியது. இன்றைக்கும் 900 மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது; உயரமான இடத்தில் 29 மீட்டர்போல் வரும்.

பயணிகள் கூட்டம் என்று ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், சிமித் விற்கும் தள்ளுவண்டி ஒன்று. எள் தூவிய வளைய ரொட்டிதான் சிமித். இரண்டு வாங்கிக்கொண்டு திண்டு ஒன்றில் உட்கார்ந்தோம். மாமா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பம்ப் கிடையாதும்மா. முழுக்கச் சரிவுதான். எத்தனையோ மைலுக்கு அப்பால மலையில இருக்கிற ஊத்தைப் பிடிச்சு, மைலுக்கு இவ்வளவுதான் இறங்கணும்னு கணக்கு வச்சு, இங்க கொண்டுவந்து சேக்கணும். கொஞ்சம் அதிகமா இறக்கிட்டா ஊருக்குள்ள வரும்போது பள்ளத்துல கிடக்கும். குறைச்சா தண்ணி நகராது. தியோடலைட் இல்லாம செஞ்சிருக்கான்."

திரேஸ் மலைப்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்களும் சுரங்கங்களும் பாலங்களுமாக வந்த ஏற்பாட்டின் ஊர்ப்பக்க முனை இது. ரோமானியர் உலகத்தில் மிக நீளமான நீர்வழிகளில் ஒன்று என்கிறார்கள் ஆய்வாளர்கள். 626-ல் நகரை முற்றுகையிட்ட அவார்கள் இதை உடைத்துவிட்டார்கள். மறுபடி சரி செய்தது 760-களில், ஐந்தாம் கான்ஸ்டன்டைன் காலத்தில், ஒரு கடும் வறட்சிக்குப் பிறகு. நடுவில் ஏறக்குறைய 140 ஆண்டு இந்த வழியாகத் தண்ணீர் வரவில்லை. இதைச் சொன்னதும் மாமா, "அப்ப ஸ்டோரேஜ் நிறைய வச்சிருப்பான்" என்றார். அடுத்து நாங்கள் போக வேண்டிய இடம் அதுதான்.

டிராம் பிடித்து சுல்தானஹ்மத் போய்ச் சேர்ந்தபோது நிலத்தடித் தொட்டியின் வாசலில் இருபது பேர்கூட இல்லை. காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள். பத்தரைக்கு நாங்கள் வெளியே வரும்போது வரிசை தெருமுனை திரும்பி நின்றது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த ஊரில் கிடைக்கிற பெரிய சலுகை காலை ஒன்பது மணிதான். அதை எந்த இடத்துக்குக் கொடுப்பது என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

படி இறங்கினால் குளிர். கண் பழக ஒரு நிமிஷம் ஆகிறது. பிறகு தூண்கள் தெரிகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, இருட்டுக்குள் போய்க்கொண்டே. வரிசைக்கு 28 வீதம் 12 வரிசை, மொத்தம் 336. ஒவ்வொன்றும் 9 மீட்டர் உயரம். ஹகியா சோஃபியாவைக் கட்டிய அதே பேரரசன் ஜஸ்டினியன், 6-ஆம் நூற்றாண்டில் இதையும் கட்டினான். அரண்மனைக்கும் அதைச் சுற்றிய கட்டிடங்களுக்கும் இங்கிருந்து தண்ணீர் போனது. இப்போது தரையில் கணுக்கால் அளவுக்குத்தான் நீர், அதன்மேல் நடைமேடை. நிறம் மாறும் விளக்குகளைப் போட்டுவைத்திருக்கிறார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று அது மாறிக்கொண்டே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்து இருட்டுக்கு அலங்காரம் தேவையில்லை.

மாமாவுக்கு விளக்கு கண்ணில் படவே இல்லை. தகவல் பலகையிலிருந்து நீள அகலத்தை எடுத்துக்கொண்டு மனக்கணக்கில் இறங்கிவிட்டார். 138 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம். "எண்பதாயிரம் கன மீட்டர். எட்டுக் கோடி லிட்டர். தூணுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கோ." நம் நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத் திட்டம் போடுவார்கள். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 6 லட்சம் பேருக்கு ஒரே ஒரு நாள்தான் வரும். கான்ஸ்டான்டினோப்பிள் என்று பெயரிருந்த இந்த ஊரில், ஜஸ்டினியன் காலத்தில் சுமார் 5 லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்பது சரித்திரக்காரர்களின் மதிப்பு. "ஆனா அவனுக்கு ஷவரும் ஃப்ளஷ்ஷும் கிடையாது. வாளியில மொண்டு குடிக்கிறவனுக்கு இருபது லிட்டர் போதும். அப்படிப் பாத்தா மொத்த ஊருக்கே எட்டு நாளைக்குத் தாங்கும். இது ஒண்ணு மட்டும். ஊர்ல இன்னும் எத்தனை இருக்கோ!"

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பூமிக்கடியில் மூடியவை தவிர, மேலே திறந்த பெரிய தொட்டிகளும் மூன்று உண்டு. அவற்றில் ஈட்டியஸ் தொட்டி என்பது இன்றைக்குக் கால்பந்து மைதானமாக இருக்கிறது. பள்ளம் தோண்டும் செலவு மிச்சம் என்று மாமா சிரித்தார்.

சுவரோரம் போனதும் அவர் நின்றுவிட்டார். செங்கல் சுவர். அதன்மேல் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசிய தடித்த பூச்சு. சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்து செய்தது. "சுர்க்கிம்மா!" என்றார், சொந்தக்காரரைக் கூட்டத்தில் கண்டுபிடித்த குரலில். செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்த அந்தக் கலவைக்கு நம் கொத்தனார்களிடம் இருக்கும் பெயர் அது. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் போட்டுத்தான் எழும்பியது. சிமென்ட் வந்து அதை ஓரம் கட்டுகிறவரை நம் பக்கத்து நீர்க்கட்டுமானங்களுக்கு அதுதான் உயிர். சுவரைத் தொடக்கூடாது என்று அறிவிப்பு இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கு உரசும் தூரம்வரை போய்ப் பார்த்தார்.

தூண்கள் ஒன்றுபோல் இல்லை. பெரும்பாலும் பழைய கட்டிடங்களிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவை. சிலவற்றின் தலையில் இலை வேலைப்பாடு, சில மொட்டை. தூண் தலைகளை மெல்லிய எஃகுக் கம்பிகள் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. 2022-ல் முடிந்த புனரமைப்பில், நிலநடுக்கத்துக்கு எதிராகச் செய்த ஏற்பாடு. வடமேற்கு மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெடூசாவின் தலைகள். கிரேக்கக் கதையில் வரும், பார்த்தவரைக் கல்லாக்குகிற பாம்புக்கூந்தல்காரி. ஒரு தலை பக்கவாட்டிலும் மற்றது தலைகீழாகவும் கிடக்கிறது. அவளுடைய பார்வையின் சக்தியை முறிக்க அப்படி வைத்தார்கள் என்று பக்கத்தில் ஒரு வழிகாட்டி ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா என் காதருகே, "தூணு உசரம் பத்தலை. கிடைச்ச கல்லை முட்டுக் குடுத்திருக்கான். எந்தப் பக்கம் வச்சா லெவல் வருதோ அந்தப் பக்கம்" என்றார். ஆய்வாளர்கள் பலரும் சொல்வது இதையேதான் என்று பிறகு படித்தேன்.

இந்த இடத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. உஸ்மானியர் நகரைப் பிடித்தபின் இப்படி ஒரு தொட்டி இருப்பதே வெளியுலகுக்கு மறந்துபோயிற்று. 1540-களில் பழைய நகரத்தின் தடயங்களைத் தேடிவந்த பியர் ஜீல் என்ற பிரெஞ்சு அறிஞர், இந்தத் தெருவாசிகள் வீட்டுக்குள் தரையில் இருந்த துவாரம் வழியாக வாளியை இறக்கித் தண்ணீர் எடுப்பதையும், மீன்கூடப் பிடிப்பதையும் அறிந்தார். ஒரு வீட்டின் வழியாக இறங்கி, கையில் பந்தத்தோடு சிறு படகில் தூண்களுக்கிடையே சுற்றிப் பார்த்தார். அறிஞர் வந்து 'கண்டுபிடிக்கும்' வரை அந்த வீட்டுப் பெண்கள் தினமும் அதில் தண்ணீர் இறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெளியே வந்தால் நேர் எதிரே ஹகியா சோஃபியா. வரிசை நீண்டு வளைந்து கிடந்தது. 2020-ல் மீண்டும் மசூதியான பிறகு, 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பயணிகளை மேல் மாடத்துக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள். ஆளுக்கு 25 யூரோ. மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போயிட்டு வாம்மா. நான் இங்க பெஞ்சுல உக்காந்திருக்கேன்" என்றார். வரிசையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே போனால் மதியத்துக்குள் வெளியே வர முடியாது. அடுத்துத் திட்டமிட்டிருந்த படகுப் பயணம் போய்விடும். அவரைப் பெஞ்சில் விட்டுவிட்டு உள்ளே என்னத்தைப் பார்ப்பேன்? போகவில்லை.

பதிலாக, வெளியிலிருந்தே அந்தக் கட்டிடத்தை முழுச்சுற்றும் பார்த்தோம். உள்ளே போகிறவர்கள் கவனிக்காத ஒன்று வெளியே நன்றாகத் தெரிகிறது: முட்டுச்சுவர்கள். 537-ல் ஐந்தே வருஷத்தில் கட்டி முடித்த கட்டிடம். சதுரத்தின் மேல் 31 மீட்டர் அகல வட்டக் கும்மட்டத்தை உட்காரவைத்த துணிச்சலுக்கு 558-ல் விலை கொடுக்க நேர்ந்தது. நிலநடுக்கத்தில் தளர்ந்து கும்மட்டம் விழுந்தது. இரண்டாவது முறை இன்னும் செங்குத்தாக, உயரமாகக் கட்டினார்கள், பக்கவாட்டுத் தள்ளல் குறையட்டும் என்று. அதன்பின் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு யாராவது ஒருவர் முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியரின் தலைமைக் கட்டிடக்கலைஞர் சினானும் கொடுத்தார். அழகைக் கெடுக்கும் அந்தத் தடித்தடிச் சுவர்கள்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன என்று மாமா ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்ததும் ஓரகத்தி, "அதுக்குள்ள போகாமலா வந்தீங்க?" என்று கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கட்டிடத்தின் பின்புறம், டோப்காபி அரண்மனை வாசலுக்கு முன்னால், மூன்றாம் அகமது சுல்தான் 1728-ல் கட்டிய நீரூற்று மண்டபம் இருக்கிறது. அரண்மனைக்குள் ஓடுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள். நின்று பார்க்கிறவர்கள் குறைவு. நான்கு பக்கமும் குழாய். நான்கு மூலையிலும் கம்பிவலை போட்ட சிறு அறை. அதற்குள் ஆள் இருந்து, வழிப்போக்கர்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பாராம், இலவசமாக. நம் தண்ணீர்ப் பந்தல்தான். மோரும் பானகமும் இல்லை, பளிங்கும் பொன்னெழுத்தும் உண்டு. இஸ்தான்புல் முழுக்க இப்படி தர்மத்துக்குக் கட்டிய குழாயடிகள் தெருவுக்குத் தெரு உண்டு. சுல்தானின் தாயார், மந்திரி, பணக்கார விதவை என்று கட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் இப்போது தண்ணீர் வருவதில்லை. மாமா எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து, ஒரு குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஊர்க்காரர்களும் புட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

அங்கிருந்து எமினோனு வரை இறக்கம். வழியில் ஒரு சிறு கடையில் பருப்பு சூப்பும் ரொட்டியும். சூப்பில் எலுமிச்சை பிழிந்து குடிக்க வேண்டும். இறைச்சி வேகவைத்த நீர் சேர்த்ததா என்று சைகையில் கேட்டதற்கு, இல்லை என்று கடைக்காரர் தலையை மேலே தூக்கி 'ட்ச்' என்று சொன்னதை, நம் ஊர் அர்த்தத்தில் சலிப்பாக எடுத்துக்கொண்டு மாமா எழுந்தே விட்டார். அங்கே இல்லை என்பதற்கு அதுதான் சைகை. 1660-களில் கட்டிய மசாலாச் சந்தைக்குள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வந்தோம். மிளகு குவியல் குவியலாக இருந்தது. "நம்ம பக்கத்துலேருந்து இதைத்தான் கப்பல் கப்பலா கொண்டுபோனான்" என்றார் மாமா. வாங்கவில்லை. மிளகை இங்கே வாங்கிக்கொண்டு போனால் மாமியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இருவரும் சிரித்துக்கொண்டோம்.

இனி படகு. பாஸ்பரஸ் சுற்றுலாப் படகென்று கரையில் கூவிக் கூவி அழைப்பார்கள். வேண்டாம். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் பயணிகள் படகு அடுத்த துறையிலேயே நிற்கிறது. அட்டையைக் காட்டி ஏறினால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, ஐரோப்பாவிலிருந்து ஆசியாவிலுள்ள உஸ்குதாருக்குக் கொண்டுபோய் விடுகிறது. மேல்தளத்தில் பலகை இருக்கைகள். இடுப்பு குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் தேநீர், பால் கிடையாது. கடல்காக்கைகள் கூடவே பறந்து வர, பிள்ளைகள் சிமித்தைப் பிய்த்து வீசுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் டோப்காபி, ஹகியா சோஃபியா, நீல மசூதி எல்லாம் ஒரே வரிசையில் குன்றின்மேல். வாட்ஸ்அப் பட்டியலில் இருந்த முக்கால்வாசி இடங்களை அந்த இருக்கையிலிருந்து பார்த்துவிட்டோம். இஸ்தான்புல்லில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நான் இந்தப் படகைத்தான் சொல்வேன், வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

படகு நடுவில் ஒரு பக்கமாக இழுபட்டதை மாமா கவனித்தார். கருங்கடலில் பெரிய ஆறுகள் கலப்பதால் நீர்மட்டம் சற்று உயரம், உப்பும் குறைவு. அந்த நீர் மேலோட்டமாகத் தெற்கே மர்மராவை நோக்கி வழிகிறது. மர்மராவின் கனத்த உப்புநீர் அடியில் எதிர்த்திசையில் வடக்கே போகிறது. ஒரே நீரிணைக்குள் இரண்டு ஓட்டம். மீனவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 1679-ல் இங்கே வந்த மார்சீலி என்ற இத்தாலியர் அதை அளந்து, உப்புச் செறிவு வேற்றுமைதான் காரணம் என்று சோதனை செய்து காட்டினார். கடலியலின் தொடக்கக்காலச் சோதனைகளில் ஒன்று அது. நான் கைபேசியில் சேமித்து வைத்திருந்ததைப் படித்துக் காட்ட, மாமா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையே எட்டிப் பார்த்தார்.

உஸ்குதார் படகுத்துறைக்கு எதிரிலேயே அதே மூன்றாம் அகமதுவின் காலத்து இன்னொரு நீரூற்று மண்டபம், அதன் அருகே சினான் கட்டிய மிஹ்ரிமா சுல்தான் மசூதி. வாசலில் கை கால் கழுவும் குழாய்களில் தண்ணீர் தாராளமாக வந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து? இதுதான் மாமாவின் முதல் கேள்விக்கு இன்றைய பதில். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்குச் சுற்றுவட்டார ஏரிகள் போதாமல், கிழக்கே 150 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து மெலென் ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவருகிறார்கள். ஐரோப்பியக் கரைக்கு அது பாஸ்பரஸுக்கு அடியில் குடைந்த சுரங்கம் வழியாகப் போகிறது. சென்னைக்கு வீராணத்திலிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் 2004-லிருந்து தண்ணீர் வருவதை நினைத்துக்கொண்டேன். "பெரிய ஊருன்னாலே அடுத்த ஊர்த் தண்ணிதான்" என்றார் மாமா. அவர் இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை.

திரும்பி வந்தது கடலுக்கடியில். மர்மரே ரயில், 2013-ல் திறந்தது. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் குழாய்களைக் கடலடியில் இறக்கிப் பொருத்திய பாதை. ஆழமான இடத்தில் நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டர்போல் கீழே. பார்க்க ஒன்றுமே இல்லை, ஜன்னலுக்கு வெளியே இருட்டு. மாமா அதைத்தான் அன்றைய பயணத்தின் சிகரம் என்கிறார். இந்த ரயிலில் நுழையும்போது முழுக் கட்டணமும் கழிந்துவிடும். இறங்கும் இடத்தில் இயந்திரத்தில் அட்டையைக் காட்டினால் போகாத தூரத்துக்கான பணம் திரும்ப வரும். பெரும்பாலான பயணிகளுக்கு இது தெரிவதில்லை.

இறங்கிய யெனிகாப்பி நிலையத்தைத் தோண்டும்போதுதான் பேரரசர் தியோடோசியஸ் காலத்துத் துறைமுகம் வெளிப்பட்டது. 37 பழைய கப்பல்கள் சேற்றுக்குள் கெடாமல் கிடந்தன. ஊருக்குள் ஓடிவந்த ஒரு சின்ன ஓடை மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் துறைமுகத்தையே தூர்த்துவிட்டது. இந்தக் கப்பல்களால் ரயில் பாதை வேலை பல வருஷம் தள்ளிப்போனது. தள்ளிப்போனதற்கு ஆட்சியாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் தோண்டியவர்கள் அவசரப்படவில்லை.

யெனிகாப்பியிலிருந்து மெட்ரோ, மறுபடி அந்த நீண்ட நடைபாதை, மறுபடி மெட்ரோ. மாமாவின் ஒன்றரை மடங்குக் கணக்கில் நிறையவே மிச்சம் விழுந்தது. அந்த மிச்சத்தில் அவர் விமான நிலைய நாற்காலியில் மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

இஸ்தான்புல் வழியாகப் போகிறவர்களுக்கு: அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால்தான் இந்தியக் கடவுச்சீட்டுக்கு இ-விசா கிடைக்கும், விதி மாறக்கூடியது, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். டோப்காபிக்குச் செவ்வாய் விடுமுறை, கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. வெள்ளிக்கிழமை மதியம் மசூதிகளுக்குள் போக முடியாது. பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள். ஹகியா சோஃபியாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் காலை ஒன்பது மணியை அதற்குக் கொடுத்துவிட்டு, நிலத்தடித் தொட்டியை விட்டுவிடுங்கள். படகை மட்டும் விடாதீர்கள்.